ஸ்டீல் ஹோஸ் என்று சொல்லி கீசர் பைப்பைத் தலையில் கட்டினார்கள்: 6,400 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி அந்த ஹோஸை ஹேக்சா பிளேடால் நடுவில் அறுத்தேன். வெளியே பளபளவென்று ஸ்டீல் கம்பிப் பின்னல். உள்ளே கறுப்பு ரப்பர். 6,400 ரூபாய்க்கு ரப்பர். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எழுதவே மாட்டேன்.

பழைய டீப் ஃப்ரீசரின் கம்ப்ரஸரை வைத்து, கம்ப்யூட்டர் பிராசஸரைக் குளிரவைக்க வீட்டிலேயே ஒரு செட்டப் செய்துகொண்டிருக்கிறேன், மூன்று மாதமாக. ஃப்ரிட்ஜ் மாதிரியேதான்: குளிரவைக்கும் 134ஏ கேஸ், சூட்டை வெளியே விடும் கண்டென்சர், ஃபில்டர், கேப்பிலரி என்ற மெல்லிய குழாய், கடைசியில் பிராசஸர் மேல் உட்காரும் செம்புக் கட்டி. அந்தக் கட்டியிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் சக்‌ஷன் லைன் மட்டும் வளைய வேண்டும். அங்கேயும் செம்புப் பைப்பைப் போட்டால் கம்ப்ரஸர் அதிர்வு நேராக மதர்போர்டில் இறங்கும், கட்டியும் சமமாக உட்காராது. அதனால் அங்கே வளையும் ஹோஸ். அதன் துளை ரொம்பப் பெரிதாக இருந்தால் கேஸின் வேகம் குறைந்து, அதோடு போகும் கம்ப்ரஸர் ஆயில் திரும்பாமல் வழியிலேயே தங்கிவிடும். சின்னதாக இருந்தால் அழுத்தம் விழுந்து குளிர்ச்சி குறையும். என் செட்டப்புக்கு 10 மி.மீ. உள்விட்டம் சரி. முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வேண்டும் என்று தேடினேன். அதாவது உள்ளே வளையம் வளையமாக மடிந்த ஸ்டீல் குழாய், அதன் மேல் பின்னல்.

உதிரிபாகங்கள் விற்கும் ஒரு ஆன்லைன் சந்தையில் ஆள் கிடைத்தார். காசு போடும் முன் போன் பண்ணினேன். அங்கேதான் ஏமாந்தேன். எடுத்ததுமே, “என்ன கேஸ் சார், 134-ஆ? சக்‌ஷனா, டிஸ்சார்ஜா?” என்று கேட்டார். இதைக் கேட்கிறவருக்குத் தொழில் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டேன். குறுக்கே வெட்டிய ஹோஸின் படம் ஒன்றையும் அனுப்பினார், வளையங்கள் அழகாகத் தெரிந்தன. “நீங்க சில்வர் பிரேசிங் எல்லாம் பண்ணிக் கஷ்டப்படாதீங்க சார், ரெண்டு பக்கமும் ஃப்ளேர் நட்டு போட்டே தரேன்” என்றார். அதாவது, சில்வர் ராடை உருக்கி ஒட்ட வேண்டாம், நட்டை முறுக்கினால் போதும். என்ன அக்கறை! ஒட்டுவதற்கு கேஸ் டார்ச் வைத்துச் சுட்டிருந்தால் முதல் நிமிஷத்திலேயே ரப்பர் நாற்றம் காட்டிக்கொடுத்திருக்கும் என்பது இப்போதுதான் புரிகிறது. ஒன்றரை மீட்டருக்கு 6,400 ரூபாய் ஜிபே பண்ணினேன்.

ஹோஸ் வந்து பத்து நாள் கழித்துத்தான் மாட்ட நேரம் கிடைத்தது. உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி வேக்யூம் போட்டேன், கசியாமல் நின்றது. கேஸ் ஏற்றினேன், முதல் ராத்திரி பிராசஸர் பூஜ்யத்துக்குக் கீழே போனது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாம் நாள் குளிர்ச்சி இறங்கியது, ஐந்தாம் நாள் சுத்தமாக இல்லை. கறுப்பு இன்சுலேஷன் ஸ்லீவை உருவிப் பார்த்தால், நட்டுக்குப் பக்கத்தில் நசுக்கிப் பிடித்த இடத்தில் ஆயில் கசிந்திருந்தது. சோப்பு நுரை தடவினேன், பொட்டுப் பொட்டாகக் குமிழி. குளிரில் ரப்பர் விறைத்துச் சுருங்கியிருக்கிறது, பிடி விட்டுவிட்டது.

எங்கள் தெரு ஏசி மெக்கானிக் அண்ணனிடம் எடுத்துப் போனேன். கையில் வாங்கி ஒரு தடவை வளைத்தார், அவ்வளவுதான். “தம்பி, இது கீசருக்குப் போடற பைப்பு. நட்டை மட்டும் மாத்தியிருக்கான்.” வீட்டுக்கு வந்து அறுத்தேன். உள்சுவர் வழவழவென்று இருந்தது, ஆயில் பட்ட இடம் இளகி விரலில் மை மாதிரி ஒட்டியது.

விற்றவருக்குப் போன் பண்ணினால், முதலில் “உங்க ஃப்ளேர் சரியா இருக்காது சார்.” அடுத்து “கேஸ் கம்மியா போட்டிருப்பீங்க.” அறுத்த படத்தை அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வர ஒரு நாள் ஆனது: “கட் பண்ண பொருளை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்.” அறுக்காமல் எனக்கு எப்படித் தெரியும்? அறுத்த பிறகு நீ எப்படி வாங்குவாய்? நல்ல ஏற்பாடு. சந்தைக்காரர்களோ, ஏழு நாள் கெடு முடிந்தது, விற்பனையாளரிடமே பேசுங்கள் என்று ஒரே வரியை மூன்று தடவை ஒட்டினார்கள். 6,400 ரூபாய், போன கேஸ் தனி, கம்ப்ரஸருக்குள் எவ்வளவு கறுப்புப் பசை போயிருக்கிறதோ அது தனி.

எந்த ஹோஸ் வாங்கலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. முனையில் டார்ச் லைட் அடித்து உள்ளே பாருங்கள், வளையம் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். முனை வெல்டிங்காக இருக்க வேண்டும், நசுக்கியதாக இருக்கக் கூடாது. செம்போடு ஸ்டீலைச் சேர்க்க சில்வர் ராடும் ஃப்ளக்ஸும்தான், ஏசிக்காரர்கள் செம்புக்குப் போடும் பாஸ்பரஸ் ராடு ஸ்டீலில் வெடிப்பு விடும். ரப்பர்தான் கட்டுப்படியாகும் என்றால் கார் ஏசி ஹோஸ் கேளுங்கள், அதில் கேஸைத் தடுக்க உள்ளே நைலான் அடுக்கு உண்டு. வேக்யூம் நிற்கிறதே என்று நம்பாதீர்கள். இந்த வெயிலில் மெஷின் நின்றிருக்கும்போதே 134ஏ உள்ளே ஏழெட்டு பார் அழுத்தம் கொடுக்கும். நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பாருங்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தொடவே கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

காலையில் பார்த்தேன், அந்த விளம்பரம் அப்படியே இருக்கிறது. அதே வளையப் படம். விலை மட்டும் 6,900.