இரும்பு போல்ஸ்டர் பேனாக்கத்தி: நாள்பட வைத்திருந்தால் தெரிய வருபவை

பழைய மடக்குக்கத்தியில் அலகு சுழலும் மூட்டின் இரு பக்கமும் ஒரு உலோகக் கட்டி மூடியிருக்கும். அதுதான் போல்ஸ்டர். வெட்டும்போது பக்கவாட்டில் வரும் பாரத்தை அது வாங்கிக்கொள்கிறது. அது இல்லாமல் அந்தப் பாரம் பிடியின் எலும்பிலோ மரத்திலோ நேராக விழுந்தால், ஆணித் துளையிலேயே பிடி பிளந்துவிடும். விலை கூடிய கத்திகளுக்கு ஜெர்மன் சில்வர், அதாவது வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, போட்டார்கள். உழைக்கிறவன் பையில் கிடந்த மலிவுக் கத்திகளுக்கு இரும்பு. பளபளப்புக்காகச் சேர்ப்பவர்கள் முன்னதைத் தேடட்டும். கத்தி எப்படி உழைத்தது, யார் கை வைத்துக் கெடுத்தார்கள் என்பதை இரும்பு அளவுக்கு ஜெர்மன் சில்வர் காட்டாது.

சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நீண்ட போல்ஸ்டர் கொண்ட பார்லோ என்ற மடக்குக்கத்தி வகை ஏற்றது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்த இந்த வடிவம் அமெரிக்காவில்தான் பெரும்புகழ் பெற்றது. மாசசூசெட்ஸ் மாநிலம் டர்னர்ஸ் ஃபால்ஸில் இயங்கிய ஜான் ரஸ்ஸல் கட்லரி செய்தவற்றை இன்றும் தேடி வாங்குகிறார்கள். மடக்கிய நிலையில் ஏறத்தாழ 8.5 செ.மீ.; அதில் மூன்றில் ஒரு பங்கு போல்ஸ்டரே. அதன் மேல் R எழுத்தும் அதை ஊடுருவும் அம்பும் அச்சாகியிருக்கும். ‘டாடி பார்லோ’ என்ற பெரியது மடக்கினால் 12.7 செ.மீ. வரும்.

இரும்பா என்று பார்க்க எல்லோரும் முதலில் காந்தத்தை எடுப்பார்கள். அங்கேதான் ஏமாற்றம். போல்ஸ்டருக்கு நேர் கீழே அலகின் அடிப்பகுதியும் ஸ்பிரிங்கும் எஃகு. பெரிய காந்தம் ஜெர்மன் சில்வரைத் தாண்டி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். 3 மி.மீ. அளவுள்ள சின்னக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும். இரும்பு என்றால் தாவி ஒட்டும். ஜெர்மன் சில்வர் என்றால் தயங்கி இழுபடும், எடுத்தால் உடனே விடும். நிறத்தையும் பாருங்கள்: ஜெர்மன் சில்வரில் லேசாக மஞ்சள் தெரியும், இரும்பு நீலம் கலந்த சாம்பல், பள்ளங்களில் காப்பிப்பொடிப் பழுப்பு. லைனர், அதாவது பிடிக்கு உட்புறத் தகடு, இரும்பாக இருந்தால் போல்ஸ்டரும் பெரும்பாலும் இரும்புதான். பழைய ஷெஃபீல்டு வேலைகள் சிலவற்றில் இரண்டும் ஒரே துண்டில் அடித்து எடுத்தவை. அலகைத் திறந்து உட்பக்கம் வெளிச்சம் காட்டினால் இணைப்புக் கோடே தெரியாது.

அடுத்தது மூட்டின் ஆணி. இரும்பு போல்ஸ்டரில் இரும்பு ஆணியை அடித்துப் பரப்பி, மட்டமாகத் தேய்த்திருப்பார்கள். நல்ல நிலையில் அது கண்ணுக்கே தெரியாது. நாளாக ஈரம் ஏறி மெல்லிய வட்டம் தெரிந்தால் குற்றமில்லை. பித்தளைப் புள்ளி தெரிந்தால், அல்லது ஆணியைச் சுற்றிப் புதிய சுத்தியல் தடம் இருந்தால், கத்தியைப் பிரித்து வேறு அலகு மாட்டியிருக்கிறார்கள் என்றே சந்தேகப்பட வேண்டும். அலகு கறுத்து, போல்ஸ்டர் மட்டும் பளிச்சென்று இருப்பதும், அதற்கு நேர்மாறாக இருப்பதும் அதே எச்சரிக்கைதான்.

அலகின் அடியில் உள்ள முத்திரை காலத்தைச் சொல்லும். 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவுக்கு வந்த பொருள்களில் நாட்டின் பெயர் பொறிக்க வேண்டியிருந்தது. ஆகவே ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. இல்லையென்றால் முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது; உள்நாட்டில் விற்றவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஷெஃபீல்டின் ஜோசஃப் ராட்ஜர்ஸ் நிறுவனக் கத்திகளில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருக்கும். கிரீடத்தின் இருபுறமும் V, R என்று இருந்தால் அது விக்டோரியா அரசியின் எழுத்து.

இனி சுத்தம் செய்வது. நல்ல கத்திகள் அதிகமாகக் கெடுவது இங்கேதான்.

துருப் பிடித்த மூட்டைப் பலவந்தமாகத் திறக்கக் கூடாது; நகப்பள்ளம் (நகம் வைத்துத் திறக்கும் பள்ளம்) உள்ள இடத்தில் அலகு உடையும், அல்லது ஸ்பிரிங் முறியும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு மூட்டில் விட்டு, மூட்டு கீழே இருக்கும்படி ஒரு இரவு நிற்க வையுங்கள். மறுநாள் கொஞ்சம் அசைத்து, கறுப்புச் சேறு போல வருவதைத் துடைத்து, மறுபடி எண்ணெய். கெட்டித்த கத்திக்கு இப்படி நான்கைந்து நாள் ஆகும். அலகுக் குழியில் கிடக்கும் அழுக்குக்கு மூங்கில் பல்குச்சி போதும், ஊசி கீறிவிடும். மேல் துருவுக்கு 0000 எண் ஸ்டீல் உல்லை (மிக மெல்லிய எஃகு நார்) எண்ணெயில் நனைத்து, விரல் அழுத்தம் மட்டும் கொடுத்துத் தேய்க்க வேண்டும். செந்துருப் பொடி வருவது நின்றதும் நிறுத்துங்கள். அடியில் இருக்கும் கரும்பழுப்புப் படலம் உறுதியாக ஒட்டியது, அதுதான் வயது. வினிகர், எலுமிச்சை, துரு நீக்கும் அமிலம் எதுவும் வேண்டாம். லைனருக்குள் நுழைந்த அமிலத்தைக் கழுவி எடுக்க வழியில்லை. மெருகேற்றும் பஃபிங் சக்கரம் இன்னும் மோசம். போல்ஸ்டரின் கூர்மையான விளிம்பு உருண்டுவிடும், முத்திரை எழுத்துகள் ஒரு பக்கமாக இழுபட்டதுபோல மங்கிவிடும். வெளிச்சத்தில் சாய்த்தால் பரப்பு அலையலையாகத் தெரியும். அப்படிப்பட்டதை எந்த விலைக்கும் வாங்க மாட்டேன்.

கண்ணுக்குத் தெரியும் துருவை விட லைனருக்கும் எலும்புப் பிடிக்கும் இடையில் வளர்வதுதான் ஆபத்து. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அது உப்பி எலும்பைத் தள்ள, ஆணியிலிருந்து மயிரிழை விரிசல் ஓடும். பிடியும் லைனரும் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தடுக்கினால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. அந்த இடுக்கில் எண்ணெய் விட்டு மேலும் போகாமல் தடுக்கலாம், பின்னுக்குக் கொண்டுவர முடியாது.

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் போட வேண்டாம். முதலாவது சிக்குப் பிடிக்கும், இரண்டாவது ஒட்டும் பசையாகி மூட்டை இறுக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் அலகுக்கும் ஆகும், வறண்ட எலும்புக்கும் ஆகும். தோல் உறையில் வைத்தால் ஈரமும் பதனிட்ட அமிலமும் சேர்ந்து அரிக்கும். பருத்தித் துணியில் சுருட்டி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற உப்புக் காற்று ஊர்களில் மாதம் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும்.

செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்) பிடி போட்ட கத்தியை மட்டும் தனி டப்பாவில் வையுங்கள். அது சிதையும்போது அமில ஆவி விடும், பக்கத்தில் இருப்பவையும் துருப்பிடிக்கும். அலகில் பிடிக்குள் மடங்கும் பகுதி மட்டும் துருப்பிடித்து, நகப்பள்ளம் உள்ள விளிம்பு சுத்தமாக இருந்தால் அதுதான் அடையாளம்.

பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று: டக்கென்று மூடவிடாதீர்கள். அலகின் அடியில் உள்ள சிறு மூக்குதான் வெட்டும் விளிம்பு ஸ்பிரிங்கில் இடிக்காமல் தடுக்கிறது. அது தேய்ந்தால் அந்த விளிம்பின் நடுவில் ஒரு சின்ன வெட்டு விழும். எத்தனை முறை சாணை பிடித்தாலும் அடுத்த முறை மூடும்போது அதே இடத்தில் மறுபடி விழும்.