தண்டர்டோம்: ஒரே தடம், இரண்டு பந்தயங்கள்

டயர் வியாபாரியும் முன்னாள் பந்தய வீரருமான பாப் ஜேன், மெல்போர்ன் அருகே கால்டர் பார்க்கில் தண்டர்டோம் என்ற அமெரிக்க பாணி நீள்வட்டத் தடம் கட்டினார். 1.8 கிலோமீட்டர் சுற்று, வளைவுகளில் 24 டிகிரி சாய்வு. அதில் இரண்டு விதப் பந்தயங்கள் நடந்தன.

ஒன்று நாஸ்கார், அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயம், அதாவது சாதாரணக் கார்களின் தோற்றத்தில் இருக்கும் பந்தயக் கார்கள் ஓடுவது. அமெரிக்க ரகக் கார்கள், இடது பக்கம் ஸ்டீயரிங், கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் ஓட்டம். 1988 பிப்ரவரியில் நடந்த முதல் பெரிய பந்தயத்தில் அமெரிக்கரான நீல் பானெட் ஜெயித்தார். வேகத்தில் இதை அடிக்க முடியாது.

இன்னொன்று ஆஸ்கார், சினிமா விருது இல்லை, ஆஸ்திரேலிய ஸ்டாக் கார் பந்தயம். உள்ளூர்த் தெருக்களில் ஓடிய ஹோல்டன் கமடோர், ஃபோர்டு ஃபால்கன் கார்கள்தான். ஸ்டீயரிங் வலது பக்கம் என்பதால் கடிகாரத் திசையில் ஓட்டினார்கள். அப்போதுதான் வெளிச்சுவர் ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம் வரும். எவ்வளவு எளிமையான, சரியான தீர்வு! செலவும் குறைவு. முதல் பந்தயத்தில் ஜெயித்தவர் டெர்ரி சாயர் என்ற பெண். அப்புறம் பிராட் ஜோன்ஸ் தொடர்ந்து ஐந்து பட்டங்களை அள்ளினார்.

என் ஓட்டு ஆஸ்காருக்கே. வீட்டு வாசலில் நிற்கும் கார், சாய்வுத் தடத்தில் சீறுவதைப் பார்க்கிற சுகம் இறக்குமதிக் காரில் வராது. 2000-களின் தொடக்கத்துக்குள் இரண்டுமே நின்றுபோயின.