பத்து நாள் பாஸும் ஏழு மணிப் பூட்டும்

ஐந்து வாரம் கோவையில் தங்கி, அங்கிருந்தே டொராண்டோ அலுவலக வேலையைப் பார்ப்பதாக ஏற்பாடு. வீட்டு இணையத்தை நம்ப முடியாததால் பீளமேட்டில், மேசையை வாடகைக்கு எடுத்து வேலை பார்க்கும் ஒரு கோவொர்க்கிங் இடத்தில் பத்து நாள் பாஸ் வாங்கினேன். எந்த நாளில் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். நேரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கோடையில் டொராண்டோவின் காலை 9 மணி நமக்கு மாலை ஆறரை. முதல் நாள் கூட்டத்தில் என் முறை வந்து பேசத் தொடங்கியபோது தலைக்கு மேலிருந்த ஏசி நின்றது. பின்வரிசை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வரவேற்பில் இருந்த பெண் தயங்கியபடி அருகே வந்து, "சார், டே பாஸ் ஏழு மணி வரைக்குந்தானுங்க" என்றார். திறந்த மடிக்கணினியைக் கையில் ஏந்தி, படிக்கட்டில் நின்றபடியே, கீழே பேருந்துகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் மீதியைப் பேசி முடித்தேன். அன்று எனக்கு வந்த கோபம் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் தணியவில்லை.

மறுநாள் விசாரித்ததில், இரவு அனுமதி தனி மேசைத் திட்டத்துக்கு மட்டுமே என்று தெரிந்தது. மாதம் 7,500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 8,850. முன்பணம் இன்னொரு 7,500. குறைந்தது மூன்று மாதம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. என் பாஸுக்குக் கிடைக்கும் ஃப்ளெக்ஸி மேசைக்கும் தனி மேசைக்கும் உள்ள வேறுபாடு தினமும் இடம் மாறி உட்காருவது மட்டுமே என்று எண்ணியிருந்தேன். வெளிநாட்டு நேரத்தில் வேலை செய்பவருக்கோ, கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்பதே எல்லாம். டொராண்டோவில் நான் போகும் கோவொர்க்கிங் இடத்தில் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே அது எழுதியிருக்கும்.

காந்திபுரத்து பிரவுசிங் சென்டர்களில் நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு உட்காருவோமே, அப்போது கடை அடைக்கும் நேரமானாலும் "முடிச்சுட்டே போங்க தம்பி" என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் காத்திருந்த அண்ணனை அந்தப் படிக்கட்டில் நினைத்துக்கொண்டேன்.

அந்த மனசு இன்னும் போய்விடவில்லை. வரவேற்புப் பெண்ணே மேலாளரிடம் பேசி, பாஸுக்குக் கட்டிய பணத்தைக் கழித்து, முன்பணமின்றி ஒரு மாதத்துக்குத் தனி மேசை வாங்கித் தந்தார். இரவு எத்தனை மணி வரை இருக்கலாம், ஏசி ஓடுமா, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரில் இணையமும் வருமா என்று கேட்டு, மூன்றுக்கும் பதிலை ரசீதின் பின்புறத்தில் எழுதி வாங்கிய பிறகே இம்முறை பணம் கட்டினேன்.