ஸ்கைடைவிங் ரிக்கோடு விமானப் பயணம்: துணி முதுகுப் பையா, சக்கரப் பெட்டியா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சொந்தமாக ஒரு ஸ்போர்ட் ரிக் (ஒருவர் குதிக்கிற பாராசூட் தொகுதி: ஹார்னஸ் என்கிற உடல்வார்கள், கன்டெய்னர் என்கிற முதுகுப் பொதி, அதனுள் மெயின் பாராசூட், அவசரத்துக்கான ரிசர்வ் பாராசூட்) வைத்திருப்பவர் வாங்க வேண்டியது கேபினுக்குள் போகிற அளவில், உள்ளே கம்பியோ பலகையோ இல்லாத துணி முதுகுப் பை. ரிக்கை லக்கேஜில் போடாமல் கையோடு கொண்டுபோவதுதான் நல்லது. உடைகள் தொலைந்தால் போகிற ஊரில் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த ஹார்னஸை அங்கே எங்கே போய்த் தேடுவது?

சக்கரப் பெட்டி இழுக்க வசதிதான். ஆனால் காலிப் பெட்டியே 2.5 முதல் 3 கிலோ வரும். நடுத்தர அளவு ரிக், ஏஏடியோடு (ஆள் திறக்காவிட்டால் ரிசர்வைத் தானாகத் திறக்கிற கருவி) சேர்த்து 9, 10 கிலோவைத் தொட்டுவிடும். பல விமான நிறுவனங்களின் கேபின் எடை வரம்போ 7 கிலோ. துணிப் பையிலேயே வரம்பு தாண்டுகிறது என்றால் பெட்டியில் கேட்கவே வேண்டாம். அதனால் டிக்கெட் எடுக்கும்போதே கேபின் எடை அதிகமுள்ள கட்டணத்தைப் பாருங்கள். ஹெல்மெட், ஜம்ப் சூட், பூட்ஸ் எல்லாம் செக்-இன் பைக்குப் போகட்டும். கேபின் பையில் ரிக் மட்டும் இருந்தால் சோதனையும் சீக்கிரம் முடியும்.

பையில் முதலில் பார்க்க வேண்டியது ஜிப். மேல்வாய் மட்டும் திறக்கிற பை வேண்டவே வேண்டாம். சோதனை அதிகாரி உள்ளே கைவிட்டால் பிடிக்க வசதியாக அகப்படுவது ரிசர்வைத் திறக்கிற ரிப்கார்டு ஹேண்டிலோ, பழுதான மெயினைக் கழற்றிவிடுகிற கட்-அவே ஹேண்டிலோதான், பிடித்தால் இழுப்பார். மூன்று பக்கமும் ஜிப் ஓடி, புத்தகம் மாதிரி மலர்ந்து திறக்கிற பையில் இந்த ஆபத்து இல்லை. ரிக்கை எடுக்காமலே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஜிப் தடிமனாக, இரண்டு ஓட்டிகளோடு இருக்கட்டும். மெல்லிய ஜிப் ரிக்கின் மூலைகளில் பிதுங்கிப் பல்விட்டுவிடும்.

வைக்கிற முறை முக்கியம். லெக் ஸ்ட்ராப்களை உள்பக்கமாக மடித்து முதுகு மெத்தை மேல் படுக்க வையுங்கள். இரண்டு ஹேண்டில்களும் அவற்றின் பாக்கெட்டில் முழுதாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, செஸ்ட் ஸ்ட்ராப்பை மாட்டி இறுக்குங்கள். ஹார்னஸ் பக்கம் பையின் அடியில் இருக்கட்டும்; கன்டெய்னரைப் பூட்டுகிற ஊசிகளும் (பின்) அவற்றின் மூடிகளும் உள்ள பக்கம் ஜிப்பைப் பார்க்கட்டும். அப்போது பையைத் திறந்ததும் கண்ணில் படுவது மூடிய துணிப் பரப்புதான், இழுக்கத் தூண்டுகிற எதுவும் இல்லை. மெயினை வெளியே இழுக்கிற குட்டிப் பாராசூட்டான பைலட் சூட்டின் கைப்பிடி மட்டும் கீழ் மூலையில் துருத்தி நிற்கும். அதையும் பாக்கெட்டுக்குள் நன்றாகத் தள்ளிவிடுங்கள்.

அடுத்து, மேல்பக்கம் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பாக்கெட். ஏஏடி தயாரிப்பாளர் தருகிற எக்ஸ்ரே அட்டைக்கான இடம் அது. எக்ஸ்ரே திரையில் ரிக் எப்படித் தெரியும் என்று யோசியுங்கள்: சுருட்டிய ஸ்பிரிங், எலக்ட்ரானிக் பெட்டி, பேட்டரி, ஒரு கேபிள், அதன் நுனியில் சிறிய உலோக உருளை. யாருக்கும் சந்தேகம் வரும். சைப்ரஸ் என்ற ஏஏடியைச் செய்கிற ஏர்டெக் நிறுவனம் தரும் அட்டையில் எக்ஸ்ரே படமே இருக்கும். அதிகாரி திரையையும் அட்டையையும் ஒப்பிட்டால் விஷயம் முடிந்தது. அந்த உருளை என்ன என்று கேட்டால், ரிசர்வை மூடிவைத்திருக்கிற லூப்பை அறுக்கும் கட்டர் என்று நேராகச் சொல்லுங்கள். பதற்றம் உண்டாக்கும் சொற்களை நீங்களாக எடுத்துவிட வேண்டாம்.

அமெரிக்காவில் விமானப் பயணிகளைச் சோதிக்கிற அரசு அமைப்பான டிஎஸ்ஏவின் விதி தெளிவாகவே இருக்கிறது. ஏஏடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாராசூட்டைக் கேபினிலும் கொண்டுபோகலாம், செக்-இன்னிலும் போடலாம். மற்ற சாமான்களோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும். வழக்கமான நேரத்தைவிட 30 நிமிடம் முன்னதாக வர வேண்டும். திறந்து பார்ப்பதென்றால் உரிமையாளர் கூடவே இருந்து உதவ வேண்டும். செக்-இன்னில் போட்டு, கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் ரிக் விமானம் ஏறாது. கையோடு கொண்டுபோகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிசர்வைத் திறக்கச் சொன்னால் மரியாதையாக மறுத்து மேலதிகாரியைக் கேளுங்கள். அதன் முத்திரை உடைந்தால் ரிக்கர் (ரிசர்வை மடிக்க உரிமம் பெற்றவர்) மறுபடி மடித்து முத்திரையிடும்வரை குதிக்க முடியாது. பயணமே அதற்காகத்தான் என்றால் எவ்வளவு பெரிய நஷ்டம்!

ஏஏடியை அணைத்துவிட்டு ஏறுங்கள். சைப்ரஸ் 2 தானாக அணைய 14 மணி நேரம் ஆகும். காலை 8 மணிக்குப் போட்டது இரவு 10 வரை விழித்திருக்கும். பகலில் குதித்துவிட்டு மாலை விமானம் பிடிப்பவர்கள் மறப்பது இங்கேதான். ஹூக் நைஃப் (சிக்கிய கயிற்றை அறுக்கிற வளைந்த கத்தி) செக்-இன்னுக்கு. அது ஹார்னஸிலேயே சிறிய உறையில் செருகியிருக்கும் என்பதால் கண்ணுக்குத் தப்பும். ரிக்கைப் பையில் வைக்கும் முன் உறையைத் தடவிப் பாருங்கள். கேமரா, உயரம் காட்டுகிற ஆல்டிமீட்டர் இவற்றுக்கான உதிரி லித்தியம் பேட்டரிகள் நேர்மாறு: கேபினில் மட்டும்தான், முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி.

சக்கரப் பெட்டிக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. இருவர் சேர்ந்து குதிக்கிற டேன்டம் ரிக், மாணவர் ரிக், இரண்டு ரிக் சேர்த்துக் கொண்டுபோவது இதற்கெல்லாம் அதுதான் வழி. ரிக்கைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பக்கத்துப் பெட்டியிலிருந்து கசிகிற அமிலம் நைலானை அரித்துவிடும், கறை தெரியாமலும் போகலாம். திறந்ததும் தெரிகிற மாதிரி உங்கள் கைபேசி எண்ணோடு ஒரு தாள் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் இரண்டு பின்கள், ரிசர்வ் முத்திரை, மெயினை ஹார்னஸோடு இணைக்கிற மூன்று வளையங்கள், ஹேண்டில்கள் எல்லாவற்றையும் பாருங்கள். துணியில் ஈரமோ புது வாசனையோ இருந்தால், ரிக்கர் பார்க்காமல் மாட்டாதீர்கள்.