இரண்டு சீட் காரில் ஃபயர் சிலிண்டர்: சில கோடைகள் தாண்டிய பிறகு

சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு ஃபயர் எக்ஸ்டிங்விஷர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி, எத்தனை கிலோ?" என்றுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரோடுகளில் கோடைக்குக் கோடை காருக்குள்ளேயே கிடந்த சிலிண்டர்களைக் கழற்றிப் பார்த்தால் வேறு ஒன்று புரிகிறது. சிலிண்டர் கெடுவது குறைவு. அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்தான் முதலில் காலை வாருகிறது. அதனால் இடம், பிராக்கெட், சிலிண்டர் என்ற வரிசையில் யோசியுங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, வாங்கிய சிலிண்டரை எங்கே சொருகுவது என்று காரைச் சுற்றி வருகிறார்கள்.

இந்தப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், தொப்பூர் கணவாயைப் பாருங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது முன்னால் போகும் லாரியின் பிரேக் புகைவது அங்கே சாதாரணம். அங்கே உங்கள் பானெட்டில் புகை வந்தால் தீயணைப்பு வண்டி தர்மபுரியிலிருந்தோ சேலம் பக்கமிருந்தோ லாரி வரிசையைத் தாண்டி வந்தாக வேண்டும். அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் காட்டு ரோட்டில் இன்னும் மோசம். முதல் ஒரு நிமிடத்துக்கு உங்கள் கையில் இருப்பதுதான் உதவி.

முதலில் இடம். டிக்கி வேண்டவே வேண்டாம். இந்த வகைக் கார்களில் பலவற்றுக்கு டிக்கி மின்சார சுவிட்சில்தான் திறக்கும்; வயரிங் எரியும்போது அது திறக்கும் என்று நம்ப முடியாது. பாக்ஸ்டர், எம்ஆர்2 மாதிரி நடுவில் இன்ஜின் உள்ள கார் என்றால் தீயே அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். சீட்டுக்குப் பின்னால் உள்ள தட்டில் வைத்தால் சீட்டை முன்னால் தள்ளாமல் எடுக்க முடியாது. டிரைவர் சீட்டுக்கு முன்னால் வைப்பது ஆபத்து: கழன்றால் நேராக பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்காரும். மிச்சம் இருப்பது பக்கத்து சீட்டின் முன் விளிம்புக்குக் கீழே, குறுக்காக. சிலிண்டரின் தலை நடு டனல் (இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையில் மேடாக ஓடும் பகுதி) பக்கம் இருக்கட்டும். பெல்ட் போட்டபடியே டிரைவரின் இடது கை எட்டும். வெளியே நிற்பவருக்கு இடப்பக்கக் கதவு வழியாகவும் கிடைக்கும். நீளவாக்கில் படுக்க வைத்தால் நேருக்கு நேர் மோதலில் பட்டைக்குள்ளிருந்து சிலிண்டர் வழுக்கி முன்னால் பாயும். குறுக்காக வைத்தால் அந்த வேகத்தைப் பட்டைகள் தாங்கும்.

பிராக்கெட்டைத் தரையில் துளை போட்டுப் பிடிப்பதைவிட சீட்டின் முன் போல்ட் இரண்டில் பிடிப்பதே மேல். தரைக்கு அடியில் பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் ஓடுகின்றன, கார்ப்பெட்டுக்கு அடியில் வயர் கட்டு இருக்கிறது. துளை போட்ட இடத்தில் துருவும் பிடிக்கும். ஃபைபர் பாடி கார் என்றால் கேட்கவே வேண்டாம். கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதன் ஃபைபர் தகட்டில் ஸ்க்ரூ ஏற்றினால் அதிர்வில் துளை ஓவலாகி, ஒரு நாள் ஸ்க்ரூவோடு சேர்ந்து சிலிண்டர் கையில் வந்துவிடும்.

சீட் போல்ட்டில் பிடிக்கும் பிராக்கெட் ரெடிமேடாகச் சில மாடல்களுக்குத்தான் கிடைக்கிறது. ஓசூர் சிப்காட் சுற்றுவட்டாரத்தில் லேசர் கட்டிங், பெண்டிங் செய்யும் சின்னப் பட்டறைகள் உண்டு. அளவு சரியாகக் கொடுத்தால் முடித்துத் தருவார்கள். 3 மி.மீ. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) தகடு, இரண்டு ஓரமும் மடித்தது, போதும். அலுமினியம் அழகாக இருக்கும், ஆனால் உள்மடிப்பைக் கூர்மையாக மடித்துவிட்டால் அந்தக் கோட்டிலேயே மயிரிழை விரிசல் விடும். வேகத்தடைக்கு வேகத்தடை ஏறி இறங்கும் ரோட்டில் அது வளர்ந்துகொண்டே போகும். மடிப்பின் உள்வளைவு குறைந்தது தகட்டின் தடிமன் அளவுக்காவது இருக்க வேண்டும். வெட்டக் கொடுக்கும் முன் அட்டையில் ஒரு மாதிரி வெட்டி வைத்துப் பாருங்கள். டனல் பக்கத்து சீட் கால் பல கார்களில் கதவுப் பக்கத்தைவிடச் சற்று உயரத்தில் இருக்கும். வெறும் டேப் வைத்து அளந்தால் இது பிடிபடாது. இரண்டு துளைகளில் ஒன்றை 2 அல்லது 3 மி.மீ. நீள்துளையாக விட்டால் பொருத்தும்போது மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

சீட்டைக் கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவ்வை எடுத்துவிட்டுப் பத்து நிமிடமாவது பொறுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக், பெல்ட் டென்ஷனர் சம்பந்தப்பட்டது. அதைக் கழற்றிய நிலையில் இக்னிஷன் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து, ஸ்கேனர் வைத்து அழிக்கும் வரை அணையாது.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பிராக்கெட்டின் தடிமன் அளவுக்குப் பழைய போல்ட் உள்ளே இறங்குவது குறையும். அதே பிட்ச்சில் (மரை இடைவெளியில்), அந்த 3 மி.மீ.க்கு ஈடாக நீளம் கூடிய போல்ட் வாங்கி, போல்ட்டின் விட்டம் அளவுக்காவது மரை உள்ளே ஏறுகிறதா என்று பாருங்கள். எம்10 என்றால் 10 மி.மீ. தலையில் பழைய போல்ட்டில் இருந்த அதே எண் இருக்க வேண்டும்; அது போல்ட்டின் வலிமையைச் சொல்லும் எண். 10.9 இருந்த இடத்தில் ஹார்டுவேர் கடையின் எண்ணில்லாத போல்ட்டைப் போடுவது சிலிண்டருக்கு மட்டும் பிரச்சினை இல்லை, சீட்டே அதில்தான் நிற்கிறது. முறுக்கு அளவு அந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளபடி, டார்க் ரெஞ்சில். முன்னால் மட்டும் 3 மி.மீ. உயர்ந்தால் ரெயில் முறுக்கிக்கொண்டு சீட் நகர மறுக்கும். பின் போல்ட்களிலும் அதே தடிமனில் வாஷர் கொடுத்துவிட்டால் சரியாகும். கடைசியாக சீட்டை முழுக்க முன்னும் பின்னும் நகர்த்தி, சீட் விளிம்பு சிலிண்டரின் சேஃப்டி பின்னை உரசுகிறதா என்று பாருங்கள்.

பட்டைக்கு வருவோம். சிலிண்டரோடு பெட்டியில் வருவது பெரும்பாலும் சுவரில் மாட்டும் கொக்கி, அல்லது ஒற்றைப் பட்டையுள்ள தகர கிளிப். இரண்டுமே காருக்கு ஆகாது. ரப்பர் பட்டை ஒரு கோடையிலேயே விறைத்து, மடிப்பில் வெடிப்பு விடுகிறது. பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் வெளுத்து, தட்டினால் உடைகிறது. கேபிள் டை பற்றிப் பேசவே வேண்டாம். உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் விதிகளில் (அப்பெண்டிக்ஸ் ஜே, 253) சட்டென விடுபடும் உலோகப் பூட்டோடு குறைந்தது இரண்டு உலோகப் பட்டைகள் கேட்கிறார்கள். பிடிமானம் 25 ஜி, அதாவது சிலிண்டரின் எடையைப் போல 25 மடங்கு இழுவை, தாங்க வேண்டும் என்கிறார்கள். நிறைத்த 1 கிலோ சிலிண்டரின் மொத்த எடை சுமார் 2 கிலோ. 25 ஜி என்றால் 50 கிலோ இழுவை: ஒரு சிமெண்ட் மூட்டையை அந்தத் தகட்டில் தொங்கவிட்ட மாதிரி. ரோட்டில் ஓடும் காருக்கு இந்த விதி கட்டாயமில்லை, ஆனால் கணக்குக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. இழுத்தால் விடுபடும் பின் உள்ள இரண்டு பாக உலோக கிளாம்ப்தான் எங்கள் தேர்வு. சிலிண்டருக்கும் பட்டைக்கும் நடுவே சைக்கிள் டியூப் துண்டு வைத்தால் கடகட சத்தம் நிற்கும். ஆனால் மழைக்காலம் முடிந்ததும் அதை எடுத்துப் பாருங்கள், ஈரம் தங்கி அடியில் பெயிண்ட் உப்பியிருக்கும். இன்னொன்று: 1 கிலோ சிலிண்டர்களின் விட்டம் 85 மி.மீ. சுற்றி இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு கம்பெனி சிலிண்டர் மாற்றினால் பழைய கிளாம்ப் தளர்ந்து நிற்கும்.

இப்போது சிலிண்டர். சீட்டுக்கு முன்னால் உயரம் இருந்தால் 2 கிலோ, இல்லையென்றால் 1 கிலோ. அதற்குக் கீழே இறங்காதீர்கள். 1 கிலோ பவுடரே ஏழெட்டு வினாடியில் தீர்ந்துவிடும். அரைக் கிலோ ஸ்ப்ரே டப்பா பற்றி என்ன சொல்ல? உடம்பில் ஐஎஸ்ஐ முத்திரை, அதன் மேல் ஐஎஸ் 15683 எண், கீழே லைசென்ஸ் எண், தயாரித்த ஆண்டு, பிரஷர் கேஜ் எல்லாம் இருக்க வேண்டும்.

ஏபிசி பவுடரா, கிளீன் ஏஜென்ட்டா என்பது பணமும் இன்ஜினும் சம்பந்தப்பட்ட கேள்வி. ஏபிசி பவுடர் என்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். பெட்ரோல், வயரிங், சீட் துணி மூன்றையும் அணைக்கும், காற்றடிக்கும் நெடுஞ்சாலை ஓரத்திலும் வேலை செய்யும், விலையும் குறைவு. அதன் வினை பிறகுதான் தெரியும், கடைசியில் சொல்கிறோம். எச்எஃப்சி-236எஃப்ஏ போன்ற கிளீன் ஏஜென்ட் வாயு தடமே விடாது, ஆனால் விலை பல மடங்கு. திறந்த வெளியில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்தால் அணைந்த தீ மறுபடி பற்றும். டிராக்கில் ஓட்டுபவர்கள், இன்ஜின் பே முழுக்கப் புது வயரிங் செய்தவர்கள் அதை வாங்கலாம். தினசரி ரோட்டுக்கு ஏபிசி-தான். சிஓ2 வேண்டாம்: சிலிண்டர் கனம், சின்ன கேபினுக்குள் அடித்தால் உங்களுக்கே மூச்சு முட்டும். ஃபோம் வாங்குபவர்கள், இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதை நினைவில் வையுங்கள். ஆல்கஹால் தாங்காத சாதாரண ஃபோம் அதில் கலைந்துபோகும். அதே எத்தனால் பழைய இறக்குமதிக் கார்களின் ரப்பர் ஹோஸையும் பதம் பார்க்கும். சிலிண்டர் வாங்கும் காசில் ஒரு பங்கை ஹோஸ் மாற்ற ஒதுக்கினால் சிலிண்டருக்கு வேலையே வராமல் போகலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் கிருஷ்ணகிரி வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் 60 டிகிரி தாண்டுவது பெரிய விஷயமில்லை. சிலிண்டர் லேபிளில் உள்ள வெப்ப வரம்பை வாங்கும்போதே படியுங்கள். ஸ்ப்ரே டப்பாக்களில் பொதுவாக 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்றே அச்சிட்டிருக்கும். 25 டிகிரியில் 15 பார் காட்டும் சிலிண்டர் 60 டிகிரியில் 17 பாரை நெருங்கும். மதியம் கேஜ் முள் வலப்பக்கம் தள்ளி நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காலையில் நிழலில் பாருங்கள். சீட்டுக்குக் கீழே நேர் வெயில் படாது என்பது அந்த இடத்துக்கு இன்னொரு சாதகம். பின் கண்ணாடிக்கு அடியில் வைத்த சிலிண்டர்களின் லேபிள் படிக்க முடியாத அளவுக்கு வெளுத்துவிடுகிறது. லேபிள் போனால் எடையும் தேதியும் போயிற்று.

மாதம் ஒருமுறை கழற்றி, தலைகீழாகப் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள். அதிர்வில் பவுடர் அடியிலும் ஓரத்திலும் இறுகிப்போகும். குலுக்கும்போது உள்ளே சரசரவென்று நகர்வது கைக்குத் தெரிய வேண்டும். "வேலை செய்கிறதா" என்று ஒரே ஒரு தடவை லேசாக அழுத்திப் பார்ப்பது மிகப் பெரிய கேடு. வால்வு மூடி உட்காரும் இடத்தில் நாலு துகள் பவுடர் மாட்டிக்கொண்டால் வால்வு முழுக்க மூடாது. சில நாளில் அழுத்தம் மொத்தமும் போய்விடும். கேஜையும் முழுக்க நம்பக் கூடாது. மலிவான கேஜில் முள் பச்சையிலேயே சிக்கி நிற்கும். லேபிளில் உள்ள மொத்த எடையோடு மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்து ஒப்பிடுங்கள். ரீஃபில் செய்யக் கொடுத்தாலும் இதே சோதனைதான். சிலிண்டரைத் திறக்காமலே புது ஸ்டிக்கர் ஒட்டித் தரும் கடைகள் இருக்கின்றன. கொடுக்கும் முன் கழுத்துக்கும் வால்வுக்கும் சேர்த்து பெயிண்டில் ஒரு சின்னக் கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகாமல் அப்படியே திரும்பி வந்தால் திறக்கவே இல்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்த சோதனை, பத்து ஆண்டில் சிலிண்டருக்கு ஓய்வு.

புகை வந்தால் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்; பெட்ரோல் பம்ப் நிற்கும். உடனே பானெட் லீவரை இழுத்துவிடுங்கள். அந்த கேபிள் எரிந்துபோனால் பிறகு திறக்க வழியில்லை. எல்லோரும் இறங்கியதும் 101 அல்லது 112. பானெட்டை முழுக்கத் தூக்கினால் காற்று உள்ளே போய்த் தீ எகிறும். இரண்டாவது கொக்கியில் மாட்டியிருக்கும்போது கிடைக்கும் இடைவெளி போதும். காற்று உங்கள் முதுகில் படும்படி நின்று, சிலிண்டரை நிமிர்த்திப் பிடித்து, தீயின் அடியைப் பார்த்து அடியுங்கள். படுக்க வைத்து அடித்தால் உள்குழாய்க்குப் பவுடர் எட்டாமல் வெறும் காற்றுதான் வரும். தீ கேபினுக்குள் நுழைந்துவிட்டால் சிலிண்டரைப் போட்டுவிட்டு விலகி நில்லுங்கள்.

அணைந்த பிறகுதான் ஏபிசி-யின் மறுமுகம். ஈரம் பட்டால் அந்தப் பவுடர் அமிலமாகி அலுமினியத்தையும் கனெக்டர் பின்களையும் அரிக்கும். சூடான இடத்தில் பட்டது உருகிக் கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கும். எடுத்ததும் தண்ணீர் அடிக்காதீர்கள். முதலில் வாக்குவம், பிறகு காய்ந்த பிரஷ், அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணி, கடைசியில் சுத்தத் தண்ணீர். கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடிக்க வேண்டும். ஏர் ஃபில்டரை மாற்றி, இன்டேக் குழாயைத் துடைத்த பிறகே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே போன பவுடர் இன்ஜின் சிலிண்டரின் சுவரைக் கீறிவிடும். பாதிதான் தீர்ந்தது என்று அந்த ஃபயர் சிலிண்டரை மறுபடி பிராக்கெட்டில் மாட்டாதீர்கள், அதே வாரம் ரீஃபிலுக்குக் கொடுத்துவிடுங்கள்.