வாரண்டி புத்தகத்தின் 34-ஆம் பக்கம்: புதுக் கம்பெனி போர் வீல் வாங்க நினைப்பவர்களுக்கு

சுங்கை சிப்புட் பக்கமோ, மலேசியாவின் பேராவில் வேறு எந்தத் தோட்டப் பக்கமோ இருந்துகொண்டு வேலைக்காக ஒரு போர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி) வாங்கலாம் என்று நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். கடந்த ஓராண்டாக நான் பட்டது இன்னொருவருக்கு வரக்கூடாது. கம்பெனியின் பெயரையும் விற்ற கடையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. விஷயம் பயனீட்டாளர் (நுகர்வோர்) நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கிறது, அது முடியட்டும்.

என் வேலை இதுதான். லாசா, லிந்தாங் பக்கம் நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்திருப்பவர்களின் பழத்தை ஏற்றி, ராம்ப்பில், அதாவது பழத்தை வாங்கி ஆலைக்கு அனுப்பும் இடத்தில், கொண்டுபோய் இறக்குவேன். திரும்பும்போது உர மூட்டை. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும், ராம்ப்பில் விலையைக் குறைப்பார்கள். என் வண்டி ஒரு நாள் நின்றால் என்னுடைய ஒரு நாள் வருமானத்தோடு அது முடிவதில்லை. ஆள் வைத்துப் பழம் வெட்டி, கூலியும் கொடுத்துவிட்டு, மண் பாதை ஓரத்தில் எனக்காகக் காத்திருக்கும் அக்காவின் பணமும் சேர்ந்து போகிறது. அதனால்தான் எனக்கு இந்தக் கோபம்.

இந்த வண்டிக்கு முன் என்னிடம் 2006-ஆம் வருட டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்று இருந்தது. 380,000 கிலோமீட்டர் ஓடி, சேஸிஸ் துருப்பிடிக்க ஆரம்பித்ததும் மாற்றலாம் என்று முடிவெடுத்தேன். 2023 ஆகஸ்டில் ஈப்போவில் அந்த ஷோரூமுக்குப் போனேன். சந்தைக்குப் புதிதாக வந்த கம்பெனி. அதே அளவு ஜப்பான் வண்டியைவிட கிட்டத்தட்ட 20,000 வெள்ளி (ரிங்கிட்) குறைவு. விற்பனைத் தம்பி நம்ம பையன், நன்றாகப் பேசினான்.

"அண்ணே, இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் பேர் வாங்கின கம்பெனிகிட்ட எடுத்துப் போட்டது. நீங்க எதுக்கும் பயப்பட வேண்டாம். ஏழு வருஷ வாரண்டி. ஜப்பான்காரன்கூட இவ்வளவு தர மாட்டான்."

"சாமான் கிடைக்குமா தம்பி? எனக்கு வண்டி நிற்கக்கூடாது."

"ஈப்போவிலேயே ஸ்டாக் இருக்குண்ணே."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். அதை எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். வங்கிக் கடன் 90,000 வெள்ளி, ஒன்பது வருடம், மாதம் 1,096 வெள்ளி.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். புதுக் கம்பெனி என்றாலே குப்பை என்று நான் சொல்லவில்லை. அந்தத் தம்பி இன்ஜினைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. இன்றைக்கு ஒரு புதுக் கம்பெனி நல்ல உறுப்புகளை விலைக்கு வாங்கி ஒரு நல்ல வண்டியைக் கட்டிவிட முடியும். பிரிட்டிஷ் பணக்காரர் ஜிம் ராட்கிளிஃபின் இனியோஸ் கம்பெனி கட்டிய கிரெனேடியரைப் பாருங்கள். பிஎம்டபிள்யூவின் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், இசட்எஃப் எட்டு கியர், இத்தாலியக் கம்பெனி கராரோவின் அச்சு. பிரான்சில் மெர்சிடிஸ்காரர்களிடமிருந்து வாங்கிய தொழிற்சாலையில் 2022-இல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். இதில் எந்த உறுப்பையும் மட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்கு இருக்கை செய்து கொடுத்த கம்பெனி நொடித்துப்போனதும், 2024 செப்டம்பரில் தொழிற்சாலையையே நிறுத்திவிட்டு 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் தொடங்கினார்கள். அவ்வளவு பணம் உள்ளவருக்கே அந்த நிலை. இன்ஜின் யாருடையது என்று மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வண்டி என்பது இன்ஜின் மட்டும் இல்லை. அச்சு, சீல், ஒயரிங், ரப்பர், பின்னால் நிற்கும் கிடங்கு, இவ்வளவும் சேர்ந்ததுதான் வண்டி.

முதல் ஒரு வருடம் பெரிய குறை எதுவும் இல்லை. பின்கதவு ரப்பரில் மழைத்தண்ணீர் ஒழுகியது. வேகமானி இரண்டு முறை அணைந்து எரிந்தது. சரி, புது வண்டி, போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியானபோது, எண்ணெய் குறைவாகக் குடிக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்கூட.

பிறகு நவம்பர் மழை. தோட்டத்துக்குள் போகும் வழியில் ஒரு சின்ன ஓடை. வருடக்கணக்கில் பழைய ஹைலக்ஸில் கடந்த ஓடைதான். அன்றைக்கு முழங்கால் அளவுத் தண்ணீர். கம்பெனியின் விளம்பரத் தாளில் 800 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம் என்று போட்டு, கதவு வரை தண்ணீர் தெறிக்கிற படமும் வைத்திருந்தார்கள். அதில் பாதி ஆழம்தான் நான் போனது. அந்த வாரம் தினமும் இரண்டு மூன்று தடவை அந்த ஓடையைக் கடந்தேன். பத்தாவது நாள் பின்பக்கத்திலிருந்து ஓர் ஊளைச் சத்தம். வேகம் கூடினால் சத்தமும் கூடியது. வண்டி அப்போது 29,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.

எங்கள் பசாருக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன், பின் அச்சின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியலின் நட்டைக் கழற்றினார். எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தது.

"தண்ணி போயிருக்குப்பா. பேரிங் போச்சு."

எப்படிப் போனது என்று அவர் காட்டியதை அப்படியே சொல்கிறேன், வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிய வேண்டியது இது. ஓடும்போது அச்சுக்குள் இருக்கும் எண்ணெயும் காற்றும் சூடாகி விரியும். அந்தக் காற்று வெளியே போக ஒரு மூச்சுக்குழாய் உண்டு. சூடான அச்சு திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அந்தக் குழாய் வழியாக வெளியிலிருந்து இழுக்கும். குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால் காற்று போகும், கீழே இருந்தால் தண்ணீர் போகும். என் வண்டியில் அந்த வாய் அச்சிலிருந்து நாலு விரல் உயரத்தில், சேற்றில் பாதி அடைபட்டுக் கிடந்தது.

"ஹைலக்ஸிலும் இந்தத் தொல்லை உண்டு அண்ணே, இல்லையா?" என்று கேட்டேன்.

"உண்டுப்பா. ஆனா ஹைலக்ஸில எங்க குழாயை நீட்டணும்னு எனக்கு இருபது வருஷமா தெரியும். உன் வண்டியை நான் இப்பத்தான் முதல் தடவையா கழற்றுறேன்."

நிலைபெற்ற வண்டிக்கும் புது வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பதிலில்தான் எனக்குப் புரிந்தது. ஹைலக்ஸ் 1968-லிருந்து வருகிறது. லேண்ட் குரூசரின் முதல் வடிவம் 1951-இல். இரண்டும் டொயோட்டா. அந்தக் கம்பெனி தப்பே செய்யவில்லை என்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபரிலிருந்து 2020 ஏப்ரல் வரை விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி அமைப்பு குறையுள்ளது என்று 2022-இல் நீதிமன்றமே சொன்னது. 264,170 வண்டிகள். டொயோட்டாவின் தப்பு அது. ஆனால் அத்தனை பேரிடம் ஒரே குறை இருந்ததால் அது வெளியே வந்தது, வழக்கு வந்தது, பட்டறைக்காரர்களுக்கு வைத்தியமும் தெரிந்தது. என் வண்டியின் குறையைப் பேச எங்கள் வட்டாரத்தில் நான் பார்த்த வரையில் இன்னும் மூன்று பேர்தான்.

வாரண்டி இருக்கிறதே என்று ஈப்போ சர்வீஸ் சென்டருக்கு டோ செய்து கொண்டுபோனேன். மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு ஒரு கடிதம் தந்தார்கள். வாரண்டி செல்லாது. இரண்டு காரணம்: தண்ணீர் புகுந்தது பயன்படுத்துபவரின் தவறு, வண்டி வணிக வேலைக்கும் சாலைக்கு வெளியிலும் ஓட்டப்பட்டிருக்கிறது. வாரண்டி புத்தகத்தின் 34-ஆம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். பொடி எழுத்தில் அப்படியே இருந்தது. சாலைக்கு வெளியே போவதற்கென்றே விற்ற வண்டியை சாலைக்கு வெளியே ஓட்டினால் வாரண்டி இல்லை. படித்ததும் கை நடுங்கியது. வண்டி வாங்கிய அன்று இந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டப்பட்டு டேஷ்போர்டுக்குள் இருந்தது. பணம் கட்டி, கடன் கையெழுத்தாகி, சாவி வாங்கிய பிறகுதான் என் கைக்கு வந்தது. நான் செம்பனை ஏற்றுகிறவன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். வேலைக்குப் பொருத்தமான வண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள்.

கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பிப்ரவரியில் அதே பதிலை வேறு வார்த்தைகளில் அனுப்பினார்கள்.

சரி, சொந்தச் செலவில் செய்வோம் என்றால் சாமான் இல்லை. ஈப்போவில் ஸ்டாக் என்று சொன்னது எண்ணெய் வடிகட்டியும் பிரேக் பேடும்தான். பேரிங்கைத் தனியாகத் தர மாட்டார்களாம், டிஃபரன்ஷியலை முழுசாகத்தான் வாங்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். 9,800 வெள்ளி. மெக்கானிக் அண்ணன் பழைய பேரிங்கில் இருந்த எண்ணை எழுதிக்கொண்டு சாமான் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) போனார். அந்த அளவு அவரிடம் இல்லை. ஹைலக்ஸாக இருந்திருந்தால் பேரிங், சீல், எண்ணெய், கூலி எல்லாம் ஆயிரத்துச் சொச்சத்தில் இரண்டு நாளில் முடிந்திருக்கும் என்றார். புது சாமான் கிடைக்காவிட்டாலும் வெட்டுக்கடை இருக்கிறது. விபத்தில் நொறுங்கிய ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன் எல்லாம் அங்கே வரிசையாகக் கிடக்கும், பாதி விலைக்கு அச்சையே கழற்றி வரலாம். செத்த வண்டிகள் நிறைய இருந்தால்தான் உயிரோடு இருக்கும் வண்டி ஓடும். என் வண்டியில் செத்தது ஒன்றுகூட அப்போது எந்த வெட்டுக்கடையிலும் இல்லை.

மார்ச்சில் முன்பணம் கட்டினேன். ஜூனில் சாமான் வந்தது. ஏழு மாதம் வண்டி நின்றது. அந்த ஏழு மாதமும் வங்கிக்கு 1,096 வெள்ளி தவறாமல் போனது, அது மட்டுமே 7,672 வெள்ளி. வாடகை லோரி எடுத்து ஓட்டியதில் கையில் எதுவும் மிஞ்சவில்லை. இரண்டு தோட்டக்காரர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பழம் காத்திருக்காது.

ஆகஸ்டில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்தேன். இது பலருக்குத் தெரியவில்லை என்பதால் சொல்கிறேன். 1999-ஆம் வருட பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடக்கிறது, கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் கவுண்டரில் இருந்த அம்மா என் ரசீதைப் பார்த்துவிட்டு யோசித்தார். வண்டியை என் எண்டர்பிரைஸ் (தொழில் நிறுவனம்) பெயரில் வாங்கியிருக்கிறேன். அந்தச் சட்டம் சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் வாங்குகிறவர்களுக்கானது, எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும் என்றார். கணக்கு எழுத வசதி என்று ஷோரூமில் சொன்னதைக் கேட்டுத்தான் அந்தப் பெயரில் போட்டேன். அடுத்த மாதம் விசாரணை. விளம்பரத் தாள், அந்தக் கடிதம், அடைபட்ட மூச்சுக்குழாய், மூன்றையும் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

நீங்கள் வாங்கப் போவது எந்தக் கம்பெனியாக இருந்தாலும், கையெழுத்துப் போடும் முன் வாரண்டி புத்தகத்தைக் கையில் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வணிக உபயோகம், தோட்டப் பாதை, தண்ணீர், இந்த மூன்றையும் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பின் அச்சு பேரிங் தனியாகக் கிடைக்குமா, எங்கே இருக்கிறது, எத்தனை நாளில் வரும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் போய், இந்த வண்டியை இதுவரை எத்தனை தடவை கழற்றியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், மழை கடுமையாவதற்கு முன் வண்டிக்கு அடியில் குனிந்து பின் அச்சின் மூச்சுக்குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். கீழே முடிந்தால், எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாய் இரண்டு மீட்டர் வாங்கி, பின்விளக்குக்குப் பின்னால் உயரமாக ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். எனக்குக் கூலியோடு 35 வெள்ளி ஆனது. எப்படிக் கட்டுவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.