ஒலி மிக்சரில் நேராகச் செருகலாம் என்று சொல்லி விற்ற ரெக்கார்டர்: இரண்டு மாதச் சம்பளம் போச்சு

நேற்று இரவு முழு ரெக்கார்டிங்கையும் போட்டுக் கேட்டேன். இன்னும் தூங்கவில்லை. மூன்று மணி நேரப் பாட்டு நிகழ்ச்சி. அந்த அம்மா மேல்ஸ்தாயிக்குப் போகும் ஒவ்வொரு இடத்திலும் குரல் கிழிகிறது. இனி மேடையேறப் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் பாடியவர் அவர். மறுபடி பதிவு செய்ய வழியே இல்லை. இந்த ஒரு நாளுக்காகத்தான் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி அந்த டிஜிட்டல் ரெக்கார்டரை வாங்கினேன்.

ஒலிக்கருவிகள் மட்டுமே விற்கிற கடை. மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சரிலிருந்து பதிவு செய்ய வேண்டும். அதன் வெளியீட்டு வலிமையை டிபியு என்ற மின்னழுத்த அளவில் சொல்வார்கள். கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டுதான் போனேன்: "அனலாக் மிக்சர், மெயின் அவுட் +4 டிபியு. நேராகச் செருகினால் தாங்குமா?" கவுன்டரில் இருந்தவர் நிதானமாகப் படித்தார். "தாராளமா தாங்கும் சார். லைன் இன்புட் இருக்கிறதே அதுக்குத்தானே. நானே நிகழ்ச்சிக்கு இதைத்தான் எடுத்துட்டுப் போறேன்" என்றார். லைன் இன்புட் என்பது மைக் அல்லாமல் மிக்சர் போன்ற கருவிகளைச் செருகும் வாய். கேள்விக்குப் பக்கத்தில் பேனாவால் டிக் அடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். நானே எடுத்துட்டுப் போறேன் என்றாரே, அதில்தான் விழுந்தேன். மேடை வேலை தெரிந்தவர் இன்னொருவரை மாட்டிவிட மாட்டார் என்று நம்பிப் பணத்தைக் கட்டினேன்.

என்ன நடந்தது என்று இப்போது புரிகிறது. மிக்சரின் வியு மீட்டரில் (சராசரி ஒலி அளவைக் காட்டும் மீட்டர்) ஊசி பூஜ்யத்தில் நின்றால் வெளியே போவது +4 டிபியு, அதாவது ஏறக்குறைய 1.23 வோல்ட். ஆனால் அது சராசரி. அந்த ஊசி முழுதாக எழும்பவே 300 மில்லிசெகண்ட் ஆகும், அதற்குள் வந்து போகிற உச்சங்கள் அதில் தெரியாது. அவை சராசரிக்கு மேல் 12, 15 டெசிபல்கூடத் தாவும். என் மிக்சர் +20 டிபியுவுக்கு மேலும் சுத்தமாகக் கொடுக்கும். இந்த ரெக்கார்டரின் கையேட்டில் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது: லைன் இன்புட் அதிகபட்சம் +6 டிபியு. பூஜ்யத்துக்கு மேல் வெறும் 2 டெசிபல் இடம்!

ரெக்கார்டரின் மீட்டரைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். அதில் 0-தான் உச்ச எல்லை. மூன்று மணி நேரமும் கண் எடுக்காமல் பார்த்தேன். லெவல் குமிழைக் குறைத்து வைத்திருந்தேன், மீட்டர் −6-ஐத் தாண்டவே இல்லை, சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. ஆனால் இந்தக் கருவியில் அந்தக் குமிழ் சிக்னல் நுழைகிற முதல் மின்சுற்றுக்கு அப்புறம்தான் வருகிறது. சிக்னல் உள்ளே நுழைந்ததுமே தலை வெட்டுப்பட்டுவிட்டது. குமிழ் அந்த வெட்டுப்பட்டதைத்தான் சின்னதாக்கியிருக்கிறது. கணினியில் திறந்து பார்த்தால் எல்லா உச்சமும் −6-இல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் தட்டையாக நிற்கிறது. இதை எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது.

காலையில் கடைக்குப் போன் செய்தேன். முதலில் "கேபிளை மாத்திப் பாருங்க." அப்புறம் "மிக்சரில் சவுண்டைக் குறைச்சிருக்கணும் சார்." குறைத்தால் அரங்கின் ஸ்பீக்கரும் குறையுமே என்றேன், வேறொருவரிடம் கொடுத்தார்கள். அவர் "பெட்டி பிரிச்சாச்சு, திரும்ப எடுக்க மாட்டோம், கம்பெனியைக் கேளுங்க" என்று வைத்துவிட்டார். தாங்கும் என்று சொன்னவர் லைனுக்கே வரவில்லை. இரண்டு மாதச் சம்பளம், ஐந்து நிமிடப் பேச்சில் முடித்துவிட்டார்கள்.

விரிவாக எழுத இப்போது மனமில்லை. வாங்கும் முன் கையேட்டில் "அதிகபட்ச இன்புட்" எண்ணை நீங்களே பாருங்கள், வாய்வார்த்தை வேண்டாம். அது +18 டிபியுவுக்குக் கீழே இருந்தால் நடுவில் 20 டெசிபல் பேட் (சிக்னலைக் குறைக்கும் சின்னக் கருவி) ஒன்று போடுங்கள். மிக்சரிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் டோனை (ஒரே சீரான சோதனை ஒலி) வியு மீட்டரின் பூஜ்யத்தில் அனுப்பி, ரெக்கார்டர் மீட்டரில் −18 அல்லது −20-க்கு வையுங்கள். 24 பிட் தரத்தில் பதிவு செய்தால் அந்தத் தாழ்ந்த அளவே போதும். முந்தின நாளே ஒத்திகையில் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள், மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்.

டிக் அடித்த அந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கடைக்கு நேரில் போகிறேன்.